பிரண்டையும் என் அக்காவின் வலது கையும்

யாராவது என்னிடம் "பிரண்டை எலும்புக்கு நல்லதுதானே?" என்று கேட்டால் இப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. கேட்கிறவர்கள் பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அம்மாள், கல்யாணப் பந்தியில் எதிரே இருக்கிற பெரியவர், கல்லூரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் சரி, நான் பிரண்டையில் ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்தால் போதும். தங்கள் முழங்காலில் தொடங்கி மாமியாரின் முதுகுத்தண்டு வரைக்கும் வந்துவிடுவார்கள். முன்பு நானும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு என் அக்காவின் வலது கையைக் கொண்டுபோன பிறகு எனக்குச் சிரிக்க வரவில்லை.

எங்கள் வீடு இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடற்கரையில். அக்கா எனக்குப் பதினோரு வயது மூத்தவள். சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. மீனை யாரிடம் வாங்கினாலும் வெட்டுவதற்கு அவளிடம்தான் வந்து நிற்பார்கள். நெய்மீனைத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் கனம் மாறாது. திருக்கையின் தோலை ஒரே இழுப்பில் உரித்துப் போடுவாள். வலது கையில் கத்தி, இடது கையில் மீன், வாயில் ஓயாத பேச்சு. பேச்சில் பாதி என்னைப் பற்றி. "எனக்க தங்கச்சி எலும்புக்கு மருந்து கண்டுபிடிக்கா, கேட்டியளா?" என்று அவள் ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அங்கே நின்றால் வெட்கமாக இருக்கும். அப்படி இல்லை அக்கா என்று திருத்த வேண்டும்போல் இருக்கும். ஒரு நாளும் திருத்தியதில்லை.

நான் செய்கிற வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். பிரண்டையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாரம் எடுப்பேன். ஆய்வுக்கூடத்தில் எலும்பு செல்கள் வளர்க்கிறோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகக் குழிகள். ஒரு கொண்டைக்கடலையைப் போட்டால் குழி அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒவ்வொரு குழியிலும் ரோஸ் நிறத்தில் ஊட்டத் திரவம், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத செல்கள். சாரத்தை அளந்து சொட்டுவிட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் தட்டை வைத்து, மூன்று நாள் அசைக்காமல் விடுவோம். பிறகு ஒரு சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கிற செல்கள் அதை ஊதா நிறமாக்கும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு செல்.

முதல் தடவை தட்டை வெளியே எடுத்தபோது நான் துள்ளிக் குதித்தேன் என்பதை ஒளிக்கவில்லை. கொஞ்சமாகச் சாரம் விட்ட குழிகள் மற்றவற்றைவிட நல்ல ஊதாவாக இருந்தன. பிரண்டை செல்களைப் பெருக்கியிருந்தது. ஆனால் அதே தட்டில், சாரம் கூடுதலாக விட்ட கடைசி இரண்டு வரிசையிலும் ஊதாவே இல்லை. அங்கே எல்லாம் செத்துக் கிடந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் செல்கள் சாதாரண மனிதரின் முழங்கையில் இருந்து வந்தவை அல்ல. எப்போதோ எலும்பில் புற்றுநோய் வந்த ஒருவரின் கட்டியில் இருந்து எடுத்து, ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக வளர்த்துவருகிற வம்சம். நல்ல சாப்பாடும் சூடும் கொடுத்தால் அவை சும்மாவே வளரும். அதிலிருந்து ஒடிந்த கைக்கு வருவதற்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் இதெல்லாம் நடந்தது.

ஆய்வை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று கல்லூரியில் ஒரு திட்டம் வந்தது. என் நெறியாளர், அதாவது என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர், என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்லயே ஆரம்பிக்கலாமே" என்றார். நான் காட்டப்போகிற படங்களை அவரே உட்கார்ந்து பார்த்தார். செத்த செல்களின் படம் வந்ததும் உச்சுக்கொட்டினார்.

"இது எதுக்கும்மா? சாதாரண ஜனங்க. பயந்துபோவாங்க, குழம்பிப்போவாங்க. நல்ல படத்தை மட்டும் வை."

"சார், இதுவும் நமக்குக் கிடைச்ச முடிவுதானே?"

"அதைப் பேப்பர்ல போடுவோம். ஊர்க்கூட்டத்துல எதுக்கு?"

எடுத்துவிட்டேன். அவர் சொன்னார், நான் எடுத்தேன். கடைசிப் படத்தில் மட்டும் பிடிவாதமாக ஒரு வரி வைத்திருந்தேன்: 'இது தட்டில் மட்டும் பார்த்தது. மனிதருக்கு எப்படி என்று இன்னும் தெரியாது.' அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். அவர் கணக்கு தப்பவில்லை.

மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் எங்கள் பங்குப் பெண்கள் கூட்டம். ஞாயிறு பூசை முடிந்து ஒருத்தியும் கலையவில்லை. முன்வரிசையில் அக்கா, நல்ல சேலை கட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மேடைத் தமிழில் ஆரம்பித்து, நாலு வரியில் அதைத் தூர எறிந்துவிட்டு ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டேன். "நம்ம வேலியில ஆரும் சீண்டாம கெடக்கே பிரண்டை, அது எலும்பு செல்லை வளக்கு. நான் எனக்க கண்ணால பாத்தேன். சாரத்துல மூணு நாளு ஊறணும். மேலுச் சூடு போல சூடு வேணும். எடையில தொடப்பிடாது, அசைக்கப்பிடாது. மூணாம் நாளு எடுத்துப் பாத்தா எலும்பு செல்லு பெருகிக் கெடக்கு!" மண்டபமே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பெரிய கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அங்கெல்லாம் நான்கு பேர் கொட்டாவி விடுவார்கள். இங்கே என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் கண்கலங்கிக் கைதட்டினார்கள்.

கடைசிப் படத்துக்கு வரும் நேரத்தில் காப்பியும் சுண்டலும் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். நாலைந்து பேர் அக்காவின் கையைப் பிடித்து, கொடுத்து வச்சவ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்க, ஒண்ணு சொல்லணும்" என்று நான் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லவில்லை. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு நானும் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து நான் திருவனந்தபுரத்தில் இருந்தேன். எங்கள் கல்லூரியில் இல்லாத ஒரு கருவியை அங்கே ஒரு வாரம் பயன்படுத்த அனுமதி வாங்கியிருந்தேன். வியாழக்கிழமை காலையில் அத்தான் போன் செய்தார். அக்காவின் புருஷன். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகில் போனவர் அப்போதுதான் கரைக்கு வந்திருக்கிறார்.

"பிள்ளே, ஒனக்க அக்கா திங்கக்கெழம சந்தையில ஐஸ் வெள்ளத்துல வழுக்கி விழுந்திருக்கா. கை ஒடிஞ்சிருக்கு. முறிவு வைத்தியம் பாக்குக ஆசான்கிட்டப் போயிக் கட்டிட்டு வந்திருக்கா. இப்ப வெரலெல்லாம் கருத்துக் கெடக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்கா. நீ ஒடனே வா."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஒனக்குச் சோலி கெடக்கும், சொல்லப்பிடாதுன்னு எல்லாரையும் தடுத்திருக்கா."

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது பிரண்டையின் பச்சை நெடியும் அழுகின முட்டையின் நாற்றமும் சேர்ந்து அடித்தது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அந்த வெக்கையில் வலது கையைக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பிரித்தேன். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் மூங்கில் தப்பை வைத்த துணிக்கட்டு. துணி முழுக்கப் பச்சையாகி, காய்ந்து, மரக்கட்டையாக இறுகியிருந்தது. அதற்கு வெளியே ஐந்து விரலும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. ஒரு நகத்தை அழுத்தி விட்டேன். ரத்தம் திரும்பி வரவில்லை.

"வலிக்குதா?"

"மொத ரெண்டு நாளு உயிரு போச்சு மக்கா. அரிப்பு வேற. இன்னைக்கு ஒண்ணுமே தெரியல்ல. எல்லாம் சொகமாயிட்டு." முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

வலி நின்றது குணமானதால் அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருந்ததால். நான் கத்தினேன். "சேசுவே, ஆரு இப்படிக் கட்டினது? நாசமாப் போவான்!" கத்தரிக்கோல் துணியில் ஏறவில்லை. அவளுடைய மீன்வெட்டுக் கத்தியை எடுத்துத்தான் அறுத்தேன். அத்தான் ஆட்டோவைக் கொண்டுவந்தார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டாக்டர் வாயைத் திறந்தார் பாருங்கள். அக்கா வண்டிப்படுக்கையில் கிடக்கிறாள், அவள் காதில் விழட்டும் என்றே பேசினார். "கட்டு வைத்தியம், கட்டு வைத்தியம்! இந்தக் கடற்கரைக்காரங்களுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில ஏறாது. கையைக் கொண்டுபோய் யார்கிட்டயோ கொடுத்துட்டுக் கடைசியில எங்க தலையில கட்டுவாங்க." எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா காலில் மீன்முள் ஏறிச் சீழ் பிடித்து இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நாறுது என்று சொல்லி அவளைத் தாழ்வாரத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள். இதெல்லாம் அவருக்கு என்ன தெரியும்?

"மரியாதையாப் பேசுங்க. நான் எலும்பு செல்லுல பிஎச்.டி. பண்றவ" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? அப்ப நீங்களாவது வீட்டுல சொல்லியிருக்கலாமே."

முன்கையை நீளமாகக் கீறி உள்ளே இருந்த அழுத்தத்தைத் திறந்துவிட்டார்கள். செத்த தசையை எடுத்தார்கள். பிறகு இரண்டு எலும்புக்கும் தகடு வைத்தார்கள். கை இருக்கும், விரல்கள் எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, ரொம்பத் தாமதம் என்றார்கள். அக்கா மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, "கத்தி பிடிக்க எத்தன நாளாவும்?" என்பதுதான்.

மறுநாள் நான் நேரே ஆசான் வீட்டுக்குப் போனேன். பத்மநாபபுரம் போகிற வழியில் அவருடைய முறிவு வைத்தியசாலை. அரண்மனை பார்க்கப் போகிற பஸ்கள் தாண்டிப் போகும் ரோட்டில்தான் இருக்கிறது. எண்ணெய் நாறும் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம், வாசலில் பெஞ்சு, பெஞ்சில் நாலைந்து பேர். ஆசானுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு லாரி டிரைவரின் கணுக்காலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உமக்கு வெக்கமா இல்லியா? மனுசக் கையா, வெறகுக் கட்டா? இப்படியா இறுக்கிக் கட்டுவாவ? நீர் கட்டின கையை ஆஸ்பத்திரியில கிழிச்சுப் போட்டிருக்கு. போலீசுல எழுதிக் கொடுக்கப்போறேன்!" இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாம் எழுதக் கூடியதல்ல.

அவர் டிரைவரின் காலை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "எந்தக் கை?"

"திங்கக்கெழம வந்தவ. மீன் வெட்டுகவ."

"ஓ! பிரண்டைக்காரி நீதானா?" அவர் குரல் என்னுடையதைவிட மேலே ஏறியது. "நீ சத்தம் போட்டாச்சில்லியா? இனி நான் போடுகேன், நின்னு கேளு. ஒனக்க அக்கா வந்த ஒடனே தடவிப் பாத்தேன். ரெண்டு எலும்பும் ஒடிஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு கேறிக் கெடந்து. இது எனக்கச் சோலி இல்ல, எக்ஸ்ரே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ, தகடு வைக்கணும்னு சொன்னேன். கடுதாசியும் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பெஞ்சிலயே போட்டுட்டுப் போயிட்டா. இன்னா கெடக்கு, வாசிச்சுக்கோ."

சுவரலமாரியில் இருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து என் கையில் திணித்தார். 'வலது முன்கை. இரண்டு எலும்பு. உடனே எக்ஸ்ரே' என்று எழுதியிருந்தது.

"போ போன்னா போவாண்டாமா? அவ என்ன சொன்னா தெரியுமா? 'ஆசானே, நீரு பழைய ஆளு, ஒமக்கு இதெல்லாம் தெரியாது. எனக்க தங்கச்சி மிஷினுல போட்டுப் பாத்திருக்கா. பிரண்டை வச்சா எலும்பு தானா வளரும். நீரு கட்டி மட்டும் தாரும்.' எனக்கிட்டச் சொல்லுகா! நாலு தலமுறையா பிரண்டை அரைக்கவன்கிட்ட!"

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"கட்டினது எனக்கத் தப்பு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அழுதுட்டு நின்னா, நோவுக்கு ஒரு தாங்கல் ஆவட்டுமேன்னு கட்டினேன். ஒரு வெரலு உள்ள போற மாதிரி தளரத்தான் கட்டினேன். வெள்ளம் படப்பிடாதுன்னேன். வெரலு வீங்கினா ஒடனே அவுக்கணும்னேன். மறுநாளு வரணும்னேன். வந்தாளா? எனக்க கை எதுவரைக்கும் போவும்னு எனக்குத் தெரியும், கேட்டியா? ஒனக்க மிஷினுக்குத் தெரியுமா?"

செருப்புக் காலோடு உள்ளே நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர்மேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தேன். கட்டாமல் துரத்தியிருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அது சரிதான், ஆனால் போதவில்லை. தளர்ந்த கட்டு எப்படி அப்படி இறுகும்? அந்தக் கேள்வியோடு வார்டுக்குப் போனேன்.

அக்கா இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசான் வெள்ளம் படப்பிடாதுன்னாராம். துணி எப்படி நனஞ்சுது?"

"வெள்ளம் எங்க பட்டுது? பிரண்டைச் சாறுல்லா."

"என்ன சாறு?"

"அவரு கட்டின கட்டுல பிரண்டை கொஞ்சந்தான் வச்சாரு. அது எப்படிக் காணும்? நான் பக்கத்து வீட்டுக்காரியை வச்சு இடிச்சுப் பிழிஞ்சு, ராத்திரியும் பகலும் கட்டுமேல ஊத்திட்டே இருந்தேன். நல்லா ஊறணும்லா." அவளுக்கு நான் கேட்பதே ஆச்சரியமாக இருந்தது. "நீதானட்டி சொன்ன? மூணு நாளு சாரத்துல ஊறணும், சூடு வேணும், எடையில தொடப்பிடாதுன்னு. மறுநாளு ஆசான்கிட்டப் போனா அவரு பிரிச்சுப் பாப்பாரு, எல்லாம் கெட்டுப்போவும். அதான் போவல்ல. கம்பளி சுத்தி வச்சேன். நோவு தாங்காம பல்லைக் கடிச்சிட்டு கெடந்தேன். மூணு நாளு தானேன்னு."

பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும். உள்ளே வைத்த பச்சிலை ஊதும். கட்டு நிற்பதற்காக ஆசான் மேலே பூசிய முட்டையும் உளுந்துமாவும் காய்ந்து கல்லாகும். அதற்குள் ஒரு வீங்கின கை. என் ஆய்வுக்கூடத்துப் பெட்டியை அவள் தன் உடம்பிலேயே செய்து வைத்திருந்தாள். ஒரு படி விடவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அரை வைத்தியத்தைக்கூடப் படிக்கவில்லை. ஒலிபெருக்கி கிடைத்தது, பேசிவிட்டேன்.

நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா நம்ம ஆராய்ச்சியில தப்பு எங்க இருக்கு? இது மருந்துன்னு நாம எங்கயும் சொல்லலையே."

"மருந்து இல்லைன்னும் சொல்லலை, சார்."

"உணர்ச்சிவசப்படாத. கொட்டாரம் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல அடுத்த பேச்சு கேட்டிருக்காங்க. நல்லாப் பேசுறேன்னு பேர் வந்திருக்கு."

"செத்த செல் படத்தை முதல் படமா வச்சுத்தான் பேசுவேன்."

"அப்படின்னா வேற ஆள் பார்க்கிறேன்" என்றார். பார்த்தும்விட்டார். எனக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி என் தட்டின் நல்ல பாதியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். கைதட்டு வாங்கி வந்ததை என்னிடமே சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். அவளிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. அக்காவின் எலும்பு அருமையாகக் கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒடிந்த இடமே தெரியாது. விரல்கள் மட்டும் உள்ளே மடங்கினது மடங்கினதுதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சாளையைச் செருகி வைக்கலாம், அவ்வளவே. கத்தி நிற்காது. பயிற்சிக்குக் கூட்டிப்போனேன், எல்லாம் செய்தாள். கடைசியில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி மீன் வெட்ட உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில் சாக்கு விரித்து இடது கையால் சாளையைக் கூறு போட்டு விற்கிறாள். வலது கை முந்தானைக்குள்.

சென்ற வாரம் ஒரு நாள் மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டு சந்தைக்குப் போனேன். ஒரு பெண் சாளை வாங்கிக்கொண்டு நின்றாள். மாமியார் குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பை அசைக்க முடியாமல் கிடக்கிறாள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அடம்பிடிக்கிறாள் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பது அக்காவுக்குத் தெரியவில்லை.

"பிரண்டை அரைச்சு வச்சுக் கட்டும்மா" என்றாள் என் அக்கா. முந்தானையை விலக்கி அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னா, ரெண்டு எலும்பும் ஒடிஞ்ச கை. இப்ப இரும்பு போல ஒட்டிட்டு. பிரண்டைதான். எனக்க தங்கச்சி கண்டுபிடிச்சது. பெரிய படிப்பு படிச்சவ."

"வெரலு?"

"அது வேற, நரம்புத் தீனம். எலும்புக்கு பிரண்டைய அடிச்சுக்க முடியாது."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சாக்கில் வைத்த வேகத்தில் சாளை சிதறியது. "ஒனக்குக் கூறு இருக்கா? எலும்பு ஒட்டினது தகடு வச்சதால! கை போனது பிரண்டையால! எத்தன தடவ சொல்லியாச்சு? எதுக்கு இப்படிப் பச்சப் பொய் சொல்லி ஊரைக் கெடுக்க?" சுற்றி எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா கோபப்படவில்லை. குனிந்து இடது கையால் ஒவ்வொரு சாளையாகப் பொறுக்கினாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பின்ன நான் என்னதான் சொல்லணும்? கையில என்னன்னு டெய்லி நாலு பேரு கேக்குகாவ. தங்கச்சி பேச்சைக் கேட்டுக் கை போச்சுன்னு சொல்லவா? எனக்கு அதுக்கு வாய் வராது மக்கா."

திரும்பி ஓடினேன். மீன் தண்ணீரில் வழுக்கி, கூடைகளை இடறி, யார் யாரோ திட்டத் திட்ட பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் பஸ்ஸில் ஒரு கால் வைத்துவிட்டாள். முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமியாருக்கு பிரண்டை கட்டாண்டாம். இடுப்பெலும்பு ஒடிஞ்சிருக்கும். இன்னைக்கே, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவள் கையை உதறினாள். "நல்லா இருக்கே! ஒடிஞ்ச கையை அந்த அக்கா கண்ணுக்கு முன்னால காட்டிச் சொல்லுகாவ. அவியளுக்கத் தங்கச்சி அதுலயே பெரிய படிப்பு படிச்சிருக்காளாம். அவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சு போச்சோ? நீ ஆரு?"

"நான்தான் அந்தத் தங்கச்சி" என்றேன்.